எட்டு டின் மா, ரெண்டு கிலோ

காலையில நாலு மாத்திரை, ராத்திரிக்கு மூணு மாத்திரைன்னு எண்ணி முழுங்குற வயசு ஆளுங்களுக்குத்தான் இதச் சொல்றேன். சின்னஞ்சிறுசுங்ககிட்ட சொன்னா, "அத போன்ல பாத்திருக்கலாமே"ன்னு ஒரே வார்த்தையில கதைய முடிச்சிருவாங்க. சொல்றதுக்கும் அலுப்பாத்தான் இருக்கு. ஆனாலும் யாருகிட்டயாவது ஒரு தடவ சொல்லிடணும்.

போன மாசம் என் மருமக கேகாலை டவுன்ல இருந்து ஒரு தராசு வாங்கிட்டு வந்தா. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அது மேல கிண்ணத்த வச்சு, மாவக் கொட்டி, நம்பரப் பாத்து, ஒரு கரண்டி எடுத்து, திரும்ப ஒரு சிட்டிகை போட்டு, ஐயோ சாமி. கேக் போடுறாளாம். போன்ல சமைக்கிற அம்மா எல்லாத்தையும் கப்புல சொல்லுது. இவளுக்குக் கிராம்ல வேணும். "அத்தை, ஒரு கப் மா எத்தன கிராம் வரும்? உங்களுக்குத் தெரியுங்களா?"ன்னு கேட்டா.

"தெரியாது"ன்னு சொல்லிட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டேன். தெரியாம என்ன! இந்த ஒரு கணக்கு எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த ஜில்லாவுல ஒருத்திக்கும் தெரியாது. தெரிய வேண்டிய நேரத்துல தெரியல, அவ்வளவுதான்.

எங்க தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேல. அடிவாரத்துல ரப்பர், ஏற ஏறத் தேயிலை. எங்க அம்மா கொழுந்து எடுக்கப் போயிரும். அம்மாவோட அக்கா, எனக்குப் பெரியம்மா, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, எங்க பக்கத்துக் காம்பராவுல இருந்துச்சு. புள்ள குட்டி இல்ல, புருசனும் இல்ல. அதுவும் மலைக்குப் போயிக்கிட்டு இருந்ததுதான். ஒரு மழை நாளு கூடையோட சறுக்கித் தண்ணிக் கானுக்குள்ள விழுந்து வலது முழங்கால் கெட்டுப்போச்சு. இனிமே ஏத்தம் ஏறுனா கால் போயிரும்னு டாக்டர் சொல்லி, தொரை எரக்கப்பட்டு லேசு வேல குடுத்தாரு. புள்ளக்காம்பராவுல சமையல். தாய்மாருங்க மலைக்குப் போறப்ப கைப்புள்ளைங்களயும் நடக்குற புள்ளைங்களயும் விட்டுட்டுப் போவாங்களே, அந்த எடம். அந்த வேல இருந்தாத்தான் அந்தக் கால் இருக்கும். எங்க வீட்டுல எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

நான் சொல்ற மழைக்காலத்துல எங்க பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை காத்துல பறந்துபோயி, நாங்க மாசக் கணக்குல வீட்டுல இருந்தோம். எனக்குப் பத்து வயசு. பகல் முழுக்கப் புள்ளக்காம்பராவுலதான் கெடப்பேன். உள்ள நொழஞ்சா மொதல்ல மூக்குலதான் ஏறும். பினாயில், புளிச்ச பால் வாட, மூத்திரச் சீலை, அதுக்கு மேல வெறகுப் பொகை. நம்ம சபரகமுவ மழை தெரியும்ல, துணி எங்க காயுது? அடுப்புக்கு மேல கொடி கட்டி எல்லாப் புள்ளைங்க துணியும் ரொட்டி வாசனையிலயே காயும். உத்தரத்துல வரிசையாச் சீலைத் தொட்டில். மொதத் தொட்டில்ல ஆரம்பிச்ச அழுக கடைசித் தொட்டில் வரைக்கும் போயித்தான் நிக்கும்.

அளக்குறதுக்கு ஒரு டின் வச்சிருந்துச்சு பெரியம்மா. டின் பால் வர்ற டின்தான். வாய கல்லால தட்டிக் கை அறுக்காம ஆக்கி, ஒரு பக்கம் நசுங்கி, பொகையில கறுத்துப்போயி இருக்கும். நாலு டின்னு ஒரு கொத்து. தோட்டத்து ஸ்டோர்ல இருந்த கொத்து மரத்துல செஞ்சது, வாய்க்கு இரும்புப் பட்டை போட்டது. அதுல அரிசியப் போட்டு ஒரு கட்டையால தலைய வழிச்சுக் குடுப்பாங்க. பெரியம்மாவும் அப்படித்தான், ஆனா விரலால வழிக்கும். மொத டின்ன ஒண்ணுன்னு சொல்லாது, லாபம்னுதான் சொல்லும். லாபம், ரெண்டு, மூணு... எட்டு டின் மா. டின்னுக்கு நாலு ரொட்டி, முப்பத்திரெண்டு புள்ளைங்க. சட்டியில ஒட்டுனது, கையில ஒட்டுனது எல்லாத்தையும் வழிச்சு முப்பத்தி மூணாவதா ஒரு குட்டி ரொட்டி தட்டும். அது எனக்கு. அந்த டின்னும் இப்ப இல்ல, அந்த எடத்துல இப்ப செவுரும் இல்ல. ரெண்டு வருசத்துக்கு முந்திப் போயி பாத்தேன், கித்துள் மரம் ஒண்ணு நிக்குது.

எங்க ஆளுங்களுக்குத் தராசுன்னாலே ஆகாது. சும்மா இல்ல, காரணம் இருக்கு. விடிஞ்சதுல இருந்து அட்டைக்கு ரத்தம் குடுத்து எடுத்த கொழுந்த நிறுக்குற மடுவத்துல தராசுக் கொக்கியில மாட்டுவாங்க. முள்ளு இருவதுல நிக்கும். கணக்கப்பிள்ளை வாயில இருந்து, "தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு, பதினேழு"ன்னு வரும். வெயில் கொளுத்துற நாளுலயும் தண்ணிக்கு ரெண்டுதான். எங்க அம்மா ஒரு தடவ, "ஐயா, இன்னைக்கு மழையே இல்லீங்களே"ன்னு கேட்டதுக்கு, "வேர்வை"ன்னாரு அந்த ஆளு! கூட நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க, அம்மாவும் சேந்து சிரிச்சுச்சு. வேற என்னா செய்யிறது. கொத்துன்னா நெறஞ்சிருக்கா கொறஞ்சிருக்கான்னு நம்ம கண்ணுக்குத் தெரியும். தராசு முள்ள அவங்கதான் பாப்பாங்க.

அப்பத்தான் இறாத்தல் போயி, கொத்து போயி, எல்லாம் கிலோன்னு ஆன காலம். ஒரு நாள் கிளாக்கர் ஐயா கொடைய மடக்கி ஒதறிக்கிட்டே புள்ளக்காம்பராவுக்கு வந்தாரு. ஆபீசுல ஸ்டோர் கணக்கு எல்லாம் அவருதான் பாக்குறது.

"அடுத்த மாசத்துல இருந்து ஸ்டோர்ல கொத்து கெடயாது, ஆயா. எல்லாம் கிலோதான். ஒரு நாளைக்கு எத்தன கிலோ அரிசி, எத்தன கிலோ மா வேணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எனக்கு டின் கணக்குத்தாங்க தெரியும்."

"அப்ப தராச அனுப்புறேன். ஒவ்வொண்ணா நிறுத்துப் பாத்துருவோம்."

பெரியம்மாவுக்கு மொகம் கறுத்துப்போச்சு. "தராசு வேணாங்க ஐயா. கும்புட்டுக் கேக்குறேன், புள்ளைங்க திங்கிறதுல தராசு வேணாங்க. இந்தா, எங்க தங்கச்சி மக இருக்கு. படிச்ச புள்ள. அது கணக்குப் போட்டுக் குடுக்கும்."

படிச்ச புள்ள! அஞ்சாங்கிளாசு, அதுவும் கூரை இல்லாத பள்ளிக்கூடம். எனக்கு ஒரே பெரும. சிலேட்ட எடுத்துக்கிட்டு உக்காந்தேன். கொத்துன்னா ஒரு கிலோன்னு தோட்டம் பூராவும் பேசிக்கிட்டாங்க. கடை முதலாளி சொன்னாரு, பள்ளிக்கூடத்து மாஸ்டரும் சொன்னாரு. பொய் இல்ல, அரிசிக்கு அது சரி. எங்களுக்குக் கொத்துன்னாலே அரிசிதானே, அத மனசுல வச்சுத்தான் எல்லாரும் பேசுனது. மா வேற அரிசி வேறன்னு ஒருத்தருக்கும் தோணல. நாலு டின்னு ஒரு கொத்து, ஒரு கொத்து ஒரு கிலோ, அப்ப ஒரு டின்னு கால் கிலோ. அரிசி பன்னெண்டு டின், மூணு கிலோ. பருப்பு நாலு டின், ஒரு கிலோ. மா எட்டு டின், ரெண்டு கிலோ. ஒரு மூச்சுல போட்டு நீட்டுனேன்.

கிளாக்கர் ஐயா வாங்கிப் பாத்து அப்படியே பேப்பர்ல எழுதிக் கையெழுத்தும் போட்டாரு. "கெட்டிக்காரி! இந்தப் புள்ள இங்க கெடந்து வீணாப் போகக்கூடாது ஆயா. கேகாலையில போர்டிங் இருக்குற பெரிய பள்ளிக்கூடத்துக்கு நான் லெட்டர் குடுக்குறேன், இந்த வருசமே சேத்துருவோம்"னு சொன்னாரு. ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் நீலமா இருக்குமே, அந்தப் பென்சில் ஒண்ண பையில இருந்து எடுத்துக் குடுத்தாரு. எனக்குக் கால் தரையில நிக்கல. இவ்வளவு படிச்ச மனுசன் மாவ ஒரு தடவ நிறுத்துப் பாத்திருக்கலாம். அவரும் அரிசி தின்னு வளந்தவருதானே, அவருக்கு மட்டும் எங்க தோணப்போவுது.

மொத நாள் ஸ்டோர்ல இருந்து மாப் பை வந்துச்சு. பெரியம்மா கையில தூக்கிப் பாத்துச்சு. கீழ வச்சுட்டு இன்னொரு தடவ தூக்கிப் பாத்துச்சு. அப்புறம் என்னைய ஒரு பார்வ பாத்துட்டு டின்ன எடுத்துச்சு. லாபம், ரெண்டுன்னு எட்டு டின் அளந்து எடுத்தப்புறமும் பையில நாலு டின் மா கெடந்துச்சு. ஸ்டோர்க்காரருக்குத் தாராளக் கைன்னு நெனச்சேன் நான். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

அந்த நாலு டின்ன பெரியம்மா என்னா செஞ்சுச்சு தெரியுமா? அப்ப லயத்துல புள்ள பெத்துப் படுத்திருந்தவங்க நாலு பேரு. பச்ச ஒடம்புக்காரிங்க. வேலைக்குப் போகாததால அவங்க வீட்டு அடுப்பு பாதி நாளு எரியாது. சாயங்காலமா ஆளுக்கு ஒரு டின் மாவத் துணியில முடிஞ்சு, "மழையில நனைக்காமக் கொண்டுபோயி குடுத்துட்டு வா ஆயி. அதுங்க பெத்ததும் நாளைக்கு இங்க வர்ற புள்ளைதானே, அது பங்கு இன்னைக்கே போகட்டும்"னு என்கிட்ட குடுக்கும். கோயிலுக்குப் பக்கத்து லயத்துல ரெட்டைப் புள்ளைக்காரி ஒருத்தி இருந்தா. முடிச்சக் கண்டதும் அழுதுட்டா. சுட்ட ரொட்டியில பாதியப் பிச்சு, கட்டசம்பல் வச்சு எனக்கே குடுத்தா. கண்ணுல தண்ணி வர்ற ஒறப்பு. அந்தப் பசிக்காரி குடுத்ததையும் நான் வாங்கித் தின்னேன்.

இப்படியே ஒரு மூணு மாசம் ஓடுச்சு.

மாசம் ஒரு தடவ மிட்வைப் நோனா வந்து புள்ளைங்கள நிறுப்பாங்க. சிங்கள அம்மா, நல்ல மனுசி. தட்டு வச்ச தராசு ஒண்ண ஒரு ஆளு தலையில தூக்கிட்டு வரும். புள்ளைங்க அந்தத் தட்டுல குளுருக்குக் கத்தும். அன்னைக்கு நோனா எல்லாப் புள்ளையும் நிறுத்து முடிச்சு, கொப்பியப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாங்க.

"மேக்க ஹரி நே," ன்னு தலைய ஆட்டுனாங்க. "இது சரி இல்ல ஆயா. ஆபீசு தினமும் ரெண்டு கிலோ மா குடுக்குது. புள்ளைங்களுக்குப் பாரம் ஏறல. ஏன்?"

"எப்பவும் குடுக்குறதத்தாங்க நோனா குடுக்குறேன்."

"இன்னைக்கு ரொட்டிக்கு மா எடுங்க. நான் பாக்கணும்."

பெரியம்மா எட்டு டின் அளந்து சட்டியில போட்டுச்சு. நோனா சட்டிய முழுசா வாங்கி, புள்ளைங்கள நிறுத்த தட்டுல ஒரு துணிய விரிச்சு மாவ அதுல கொட்டுனாங்க. முள்ளு ஒண்ணே கால் கிலோவத் தாண்டி ஒரு கோட்டுல போயி நின்னுச்சு. அதுக்கு மேல அசையல.

"மிச்சம் எங்க?"ன்னு நோனா கேட்டாங்க.

அந்த எடத்துலயே எனக்குப் பொறி தட்டிருச்சு. ஒரு டின் அரிசி பாரம் வேற, ஒரு டின் மா பாரம் வேற. தப்பு சிலேட்டுல. என் சிலேட்டுல. தொட்டில் கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். தராசு தூக்கிட்டு வந்த ஆளு போயி கிளாக்கர் ஐயாவக் கூட்டிட்டு வந்துச்சு. அவரு பேப்பரப் பாத்தாரு, தராசு முள்ளப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. அப்புறம் கூரையப் பாத்தாரு. அவருக்கும் வெளங்கிருச்சுன்னு இப்ப நெனைக்கிறேன். பேப்பர்ல அவரு கையெழுத்துல்ல இருக்கு!

"எட்டு டின்னு ரெண்டு கிலோன்னு நீங்கதானே ஆயா சொன்னது?"

நான் வாயத் தெறந்திருக்கணும். "ஐயா, என் கணக்குத் தப்பு"ன்னு நாலே வார்த்த. பத்து வயசுப் புள்ளைய யாரு தூக்குல போடப்போறா? ஆனா கேகாலை லெட்டர் இன்னும் கைக்கு வரல. பயமும் இருந்துச்சு, ஆசையும் இருந்துச்சு. எது கூட இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. பெரியம்மா என் பக்கம் திரும்பி, பேசாதன்னு கண்ணக் காட்டுச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

"நான்தாங்க சொன்னேன்," ன்னுச்சு பெரியம்மா. "புள்ள நான் சொன்னத எழுதுச்சு. மிச்ச மாவ நான்தாங்க எடுத்தேன்."

"எடுத்து?"

"வீட்டுக்குங்க."

பச்ச ஒடம்புக்காரிங்க பேர அது சொல்லல. சொன்னா அவங்களுக்கும் விசாரணை வரும்னு அதுக்குத் தெரியும். நோனா, "அனே ஆயா"ன்னு சொல்லிட்டு நெத்தியில கைய வச்சாங்க. கிளாக்கர் ஐயா பேப்பர நாலா மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போனாரு.

புள்ளக்காம்பராவுல பெரியம்மாவுக்கு அன்னைக்கே கடைசி நாளு. நாங்க ரெண்டு பேரும் ஒரு சாக்கத் தலையில போட்டுக்கிட்டு லயத்துக்கு நடந்தோம். எனக்கு அழுக முட்டிக்கிட்டு வருது. அது என் தோளப் புடிச்சு நிறுத்துச்சு.

"அழுவாத. நீ பண்ணது ஒண்ணும் தப்பு இல்ல."

"பெரியம்மா..."

"எனக்கு மொத நாளே தெரியும்டி. பையத் தூக்குனதுமே தெரிஞ்சிருச்சு. இத்தன வருசம் கூடை சொமந்தவ, மாப் பாரம் எவ்வளவுன்னு கைக்குத் தெரியாதா? இந்தப் புள்ள வேணும்னே கூட்டிப் போட்டிருக்கு, பச்ச ஒடம்புக்காரிங்களப் பாத்து மனசு எரங்கிப் போட்டிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். ஒன் வாயால கேட்டா நீ பயந்துருவன்னுதான் கேக்கல. யாருகிட்டயும் மூச்சு விடாத."

நான் தலைய ஆட்டுனேன். அட பாவி மகளே, தலைய ஆட்டுனேன்!

அடுத்த வாரம் பெரியம்மாவப் புல்லு வெட்டுக்குப் போட்டாங்க. எட்டாம் நம்பர் மலை, தோட்டத்துலயே செங்குத்தானது. தேயிலைக் கட்டையப் புடிச்சுப் புடிச்சு ஏறும், எறங்குறப்ப உக்காந்து உக்காந்து எறங்கும். "கள்ளி"ன்னு காதுபடப் பேசுனவங்க இருந்தாங்க. அந்தப் பச்ச ஒடம்புக்காரிங்க ஒருத்தியும் வாயத் தெறக்கல, அவங்களக் குத்தம் சொல்ல எனக்கு என்னா யோக்கியத இருக்கு. கிளாக்கர் ஐயா சொன்னபடி லெட்டர் குடுத்துட்டாரு. நான் கேகாலைக்குப் போயி போர்டிங்குல சேந்துட்டேன். ஒவ்வொரு லீவுக்கு வர்றப்பவும் அந்த முழங்கால் கொஞ்சம் கூட வீங்கியிருக்கும். அடுத்த தடவ சொல்லிருவோம், அடுத்த தடவ சொல்லிருவோம்னு திரும்பி பஸ் ஏறுவேன்.

நான் டீச்சராயி முப்பது வருசம் கணக்குப் பாடம் நடத்துனேன். ஒரே டின்ல அரிசியும் மாவும் அள்ளித் தராசுல வச்சுக் காட்டாம ஒரு வகுப்பையும் விட்டதில்ல. புள்ளைங்க ஆச்சரியமாப் பாக்கும், நான் போர்டு பக்கம் திரும்பிக்குவேன்.

இதுக்குள்ள பெரியம்மா என்னா பண்ணுச்சு? பழைய தொரை போயி, கிளாக்கர் ஐயாவும் செத்துப்போனதுக்கு அப்புறம், கதைய ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. "எங்க தங்கச்சி மக பத்து வயசுலயே தொரை ஸ்டோரையே ஏமாத்துனவ. பச்ச ஒடம்புக்காரிங்க வயித்துக்காக." என்னையப் பொண்ணு பாக்க வந்த எடத்துலயும் சொல்லிருச்சு. எங்க மாமியா சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லித்தான் என்னைய மெச்சுனாங்க. நல்ல மனசுக்காரின்னு நான் வாங்குன பேரு பூரா அந்தத் தப்புக் கணக்குல வந்ததுதான். எத்தன வருசந்தான் அதத் தூக்கிச் சொமக்குறது? அலுத்துப்போச்சு எனக்கு.

கடைசிக் காலத்துல பெரியம்மாவ என் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். ஒரு மத்தியானம், மழை புடிச்சுக்கிச்சு. கட்டில்ல உக்கார வச்சு அந்தக் காலுக்கு எண்ண தேச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுல வேற ஆளு இல்ல. எப்படியோ வாயில வந்திருச்சு.

"பெரியம்மா, அன்னைக்கு அந்த மாக் கணக்கு நான் வேணும்னு கூட்டிப் போடல. மா பாரம் கொறைவுன்னு எனக்குத் தெரியாது. தப்பாப் போட்டுட்டேன்."

நான் தேச்சுக்கிட்டே இருந்தேன். கோவப்படும், அழும், "போடி பைத்தியக்காரி"ன்னு சிரிக்கும், என்னென்னமோ எதிர்பாத்தேன். அது, தெரியாதத ஒருத்தர்கிட்ட கேக்குற மாதிரி, மெதுவாக் கேட்டுச்சு.

"அப்ப நான் எதுக்குடி மலைக்குப் போனேன்?"

அது என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, பதிலுக்கு.

"சும்மா சொன்னேன் பெரியம்மா," ன்னேன். "வேணும்னேதான் கூட்டிப் போட்டேன். அந்தப் பச்ச ஒடம்புக்காரிங்களுக்காகத்தான் போட்டேன்."

"அதானே," ன்னுச்சு. "எனக்குத் தெரியும்டி." அப்புறம் இன்னொரு காலையும் தேச்சு விடச் சொல்லி என் பக்கமா நீட்டுச்சு.